வேரா மிகைலோவ்னாவின் பார்சல் துணி

1996 பெப்ரவரி 10, சனிக்கிழமை, காலை 9.30. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் லோரன்ஸ் அவென்யூ பஸ் தரிப்பில் நின்றபோது குளிர் சைபருக்குக் கீழே பதினேழு. ஒஸ்லோவிலிருந்து வந்தவருக்குக் குளிர் என்ன புதுசா என்று நான் தங்கியிருந்த வீட்டுக்காரி, என் சின்னம்மாவின் மகள் மலர் கேலி செய்துதான் அனுப்பியிருந்தாள். ஒஸ்லோக் குளிர் நின்ற இடத்தில் நிற்கும். ரொறன்ரோக் குளிர் காற்றோடு கூட்டுச் சேர்ந்து சட்டைக் கைக்குள்ளே கைவிட்டுப் பார்க்கும். பதினைந்து நிமிடம் காத்திருந்து 54ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். கட்டணம் இரண்டு டொலர். சாரதி கிழித்துத் தரும் துண்டைப் பத்திரமாக வைத்திருந்தால் அதே காசில் சுரங்க ரயிலும் அடுத்த பஸ்ஸும் ஏறலாம்.

ரொறன்ரோவுக்கு வருகிறவர்கள் நயாகரா பார்ப்பார்கள். நான் பார்க்கப் போனது பழைய சோவியத் சாமான். எழுபதுகளில் கியெவ் நகரில் ஐந்து வருடம் பொறியியல் படித்தேன். படித்த படிப்பு ஒஸ்லோவில் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்க உதவுகிறது. மிச்சமாக இருப்பது ரஷ்ய மொழியும், அந்த நாட்டுப் பழைய வீட்டுச் சாமான்களைச் சேர்க்கும் கிறுக்கும். நாணயமும் பதக்கமும் எனக்கு வேண்டாம். யுத்தம் முடிந்த கையோடு சாதாரண சனம் எதில் தேநீர் குடித்தது, எதில் பாண் வெட்டியது என்பதுதான் என் பைத்தியம். மனிதர்கள் பொய் சொல்வார்கள், சாமான் சொல்லாது என்று அப்போதெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

இரண்டு நாளுக்கு முன், பத்தர்ஸ்ட் தெருவில் ஒரு ரஷ்யப் பலசரக்குக் கடையின் சுவரில் கையால் எழுதிய அறிவித்தல் ஒன்றைக் கண்டேன். 'வீடு காலி செய்கிறோம். பழைய பொருட்கள், 1945 முதல்.' கீழே தொலைபேசி எண். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

எக்லிங்டன் நிலையத்தில் இறங்கி, சுரங்க ரயிலில் வடக்கே ஃபிஞ்ச் வரை போய், அங்கிருந்து 36ஆம் இலக்க பஸ். பக்கத்து இருக்கையில் மட்டக்களப்புக்காரர் ஒருவர். வோபர்னில் இருப்பவர், ஏதோ தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார். அந்தப் பக்கம் எங்கட ஆட்கள் இல்லையே, யாரிடம் போகிறீர்கள் என்று விசாரித்தார். ரஷ்யக் கிழவியிடம் பழைய கோப்பை வாங்கப் போகிறேன் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

காலை 11.00. பன்னிரண்டு மாடிக் கட்டடம், ஏழாவது மாடி. கதவைத் திறந்தவர் வேரா மிகைலோவ்னா. வயது ஐம்பத்தைந்து என்றார். பார்த்தால் எழுபது சொல்லலாம். இரண்டு கண்ணிலும் வெண்படலம். வெளிச்சமும் உருவமும் தெரியும், எழுத்துத் தெரியாது. நடைக்கூடத்துக் கண்ணாடி துணி போட்டு மூடியிருந்தது. அலுமாரியின் மேல் ஒரு சிறிய கிளாஸில் வொட்கா, அதன் மேல் ஒரு துண்டுக் கறுப்புப் பாண். கியெவ்வில் கண்ட வழக்கம்தான், எனக்கு விளங்கியது. கணவர் இறந்து இருபது நாள். நாற்பதாம் நாள் வரை அந்தக் கிளாஸ் அங்கே இருக்கும். மாத முடிவில் மகன் வீட்டுக்குப் போகிறார். அங்கே ஒரு கட்டிலுக்கும் ஒரு பெட்டிக்கும்தான் இடமாம்.

என் ரஷ்ய மொழியைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது. சாமான்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவித் தடவி எடுத்து வைத்தார்.

முதலில் வந்தது சுவரில் மாட்டும் வானொலி. கறுப்புக் கடதாசித் தட்டு ஒன்று, நடுவில் ஒரு திருகாணி, அவ்வளவுதான். நிலையம் மாற்ற வழியில்லை. இருந்தது ஒரே நிலையம், அதுவும் கம்பி வழியாக வரும். சத்தத்தைக் குறைக்கலாம். முழுதாக நிறுத்தினால் பக்கத்து அறைக்காரன் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பானாம். அடுத்தது மூடியில் கொக்கி வைத்துப் பூட்டுப் போட்ட அலுமினியப் பானை. ஏழு குடும்பத்துக்கு ஒரு குசினி. சூப் கொதிக்கும்போது அம்மா அறைக்குப் போக வேண்டி வந்தால் பானையைப் பூட்டிவிட்டுத்தான் போவார். குசினிக் கூரையில் ஏழு குடும்பத்துக்கும் ஏழு மின்குமிழ், ஏழு ஆளி. பக்கத்து வீட்டுக் குமிழ் எரியும்போது அந்த வெளிச்சத்தில் உருளைக்கிழங்கு உரித்தால் சண்டை வரும். ஒரு சோடி றப்பர் மேல்சப்பாத்து, உள்ளே தகரத்தில் வெட்டி ஆணியடித்த, பெயரின் முதல் எழுத்து. வாசலில் நாற்பது சோடி ஒரே மாதிரிக் கிடக்கும், எழுத்து இல்லாவிட்டால் நல்லதை மற்றவன் போட்டுக்கொண்டு போய்விடுவான். 1947 டிசெம்பருக்கான பாண் கூப்பன் தாள் ஒன்று, பாதி வெட்டாமல். அந்த மாதம் பங்கீட்டை எடுத்துவிட்டார்கள். அப்படியிருந்தும் அம்மா மிச்சத்தை எறியவில்லை. மறுபடியும் கொண்டுவருவார்கள் என்று பத்து வருடம் எதிர்பார்த்தாராம்.

"கூப்பன் தொலைந்தால்?" என்று கேட்டேன்.

"எங்கள் குசினிக்காரரில் ஒருத்தி மாத ஆரம்பத்தில் தொலைத்தாள். இரண்டாவது தாள் தரமாட்டார்கள். மாத முடிவில் அவளுடைய மின்குமிழை நாங்கள் பங்கு போட்டோம்."

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அடுத்த சாமானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேகரிக்கிறவனுக்கு வரும் ஒரு கெட்ட பழக்கம் இது. காது கதையைக் கேட்கும், கண் அடுத்ததற்குப் போய்விடும்.

நான் தெரிந்தெடுத்தவை வெள்ளிப்பூச்சுப் பூசிய தேநீர்க் கிளாஸ் தாங்கிகள் நான்கு, கிளாஸ்கள் நான்கு, கூப்பன் தாள். எல்லாவற்றுக்கும் அறுபது டொலர். வேரா மிகைலோவ்னா கதிரையில் கிடந்த பழைய துணிகளில் ஒன்றை உருவி, கிளாஸ்களைச் சுற்றிக் கட்டித் தந்தார். அங்கே நாலைந்து துணி கிடந்தது, மற்றதெல்லாம் பழைய தலையணை உறைகள். அவர் கைக்கு எல்லாம் ஒன்றுதான். என் கண்ணுக்கு ஒன்றல்ல.

அவர் கட்டித் தந்த துணி ஒரு பார்சல் துணி. அந்தக் காலத்தில் மரப்பெட்டியைத் துணியால் மூடித் தைத்து, அந்தத் துணியின் மேலேயே முகவரி எழுதித் தபாலில் போடுவார்கள். எழுதுவது ஒருவகைப் பென்சிலால். காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறம், எச்சில் பட்டால் ஊதா. இந்தத் துணியில் ஊதா எழுத்து நன்றாகவே தெரிந்தது. கோமிப் பகுதி, அஞ்சல்பெட்டி இன்னது, ஒரு ஆணின் பெயர். குறுக்கே வேறொரு கை, 'பெறுபவர் இல்லை, திருப்பி அனுப்புக' என்று எழுதியிருந்தது. 1950. வடக்கே கோமியின் கட்டாய உழைப்பு முகாமில் இருந்த கைதிக்குப் போய்த் திரும்பி வந்த பார்சல். இப்படி ஒன்றை நான் ஒரு அருங்காட்சியகக் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறேன். இருபது வருடமாகத் தேடியும் கிடைக்காத சாமான் இனாமாக என் கையில் இருந்தது.

பெயரின் கீழ்த் தந்தை பெயரும் இருந்தது. அந்த ஆணின் முதற்பெயர் மிகயில். வேரா மிகைலோவ்னா என்றால் மிகயிலின் மகள் வேரா. இது விளங்கக் கியெவ்வில் படித்திருக்க வேண்டியதில்லை.

துணியைப் பற்றி வாய் திறக்கவில்லை. நன்றி சொன்னேன், கணவருக்கு அனுதாபம் சொன்னேன், வேறு ஏதும் விற்க இருந்தால் அழையுங்கள் என்று மலர் வீட்டு எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன், இறங்கினேன். மின்தூக்கிக்குள் சிரித்துக்கூட இருப்பேன்.

பிற்பகல் 4.00. வெக்ஸ்போர்ட். வழியில் பஸ்ஸிலேயே என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டேன். 'பார்சல் துணி, 1950, 70 க்கு 50 சென்றிமீற்றர், ஒரு மூலை கிழிசல், நல்ல நிலை.' வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். மலர் அப்போதுதான் வேலையால் வந்து முகம் கழுவிக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, உதுகள் ஆற்றை சாமான்?"

யாருடையது என்று சொன்னேன். கணவர் இறந்த கதையையும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மலரின் முகம் மாறியது.

"முப்பத்தொண்டும் முடியாத செத்தவீட்டுச் சாமானோ? உதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில வைச்சிருக்கிறியள்."

எங்கள் பகுதியில் சாவு நடந்த வீட்டுக்கு முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை துடக்கு. அந்த வீட்டுப் பொருள் வேறு வீட்டுக்குள் வந்தால் தண்ணீர் காணாமல் புழங்கக்கூடாது. இருபது வருடம் வெளிநாட்டில் தனியாக இருந்ததில் இதெல்லாம் என் தலையிலிருந்து கழன்று போயிருந்தது. மலரிடம் அது அப்படியே இருந்தது. அதிலும் அந்த மாதங்களில் அவள் மனம் ஒரு நிலையில் இல்லை. அவளுடைய தமையன் குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு எங்கே போனது என்று நாலு மாதமாக ஒரு கடிதமும் இல்லை. கெட்ட சகுனம் எது கண்ணில் பட்டாலும் உடனே அதைத் துடைத்துக் கழுவிவிடும் பயம் அவளுக்கு. எல்லாவற்றையும் அறைக்குள் கொண்டுபோய் வைக்கிறேன் என்று சமாதானம் சொன்னேன். வைக்கவில்லை. அதற்குள் அவளுடைய கணவன் ரஞ்சன் கீழே காரில் ஹோர்ன் அடித்துவிட்டான். மில்லிக்கனில் ஒரு சிநேகிதன் வீட்டில் எனக்கு விருந்து. மலருக்குத் தலையிடி, வரவில்லை.

எட்டரைக்குத் திரும்பி வந்தோம். தேநீர்த் தாங்கிகள் புளி போட்டு விளக்கியதில் வெள்ளிப்பூச்சுப் போய்ப் பித்தளை தெரிந்தது. கிளாஸ்கள் பளபளவென்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் துணி. ப்ளீச் போட்டு மெஷினில் துவைத்து, காயவைத்து, அயர்ன் பண்ணி நாலாக மடித்து வைத்திருந்தாள். கிழிந்திருந்த மூலையையும் தைத்திருந்தாள். ஏதோ மை கொட்டியிருந்தது, இரண்டு தரம் போட்டபிறகுதான் போனது என்றாள்.

நான் என்ன செய்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு நல்ல சாமான் போய்விட்டதே என்றுதான் முதலில் நினைத்தேன். மலருக்கு ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டேன்.

பெப்ரவரி 11, ஞாயிறு, காலை 8.40. தொலைபேசியை எடுத்தவள் மலர். ஒன்றும் விளங்காமல் என்னிடம் தந்தாள். வேரா மிகைலோவ்னா. இரவு முழுக்கத் தேடினாராம். கிளாஸ் கட்டித் தந்தது ஒரு பார்சல் துணியாக இருக்குமோ? அறுபது டொலரையும் திருப்பித் தருகிறேன், கிளாஸும் உங்களுக்கே, துணியை மட்டும் கொண்டுவந்து தாருங்கள் என்றார். காரணத்தையும் சொன்னார். அவருடைய அப்பா யுத்தத்தில் ஜெர்மன்காரரிடம் கைதியாக அகப்பட்டு, உயிரோடு ஊர் திரும்பி, அகப்பட்ட குற்றத்துக்காகவே முகாமுக்கு அனுப்பப்பட்டவர். அம்மா பயத்தில் கடிதங்கள் எல்லாவற்றையும் எரித்துவிட்டார். துணி மட்டும் மிஞ்சியது, துணி வீட்டில் பயன்படும் என்பதால். இப்போது மொஸ்கோவுக்கு எழுதினால் பழைய ஆவணங்களைத் தேடி, எங்கே இறந்தார், எங்கே புதைத்தார்கள் என்று சொல்கிறார்களாம். விண்ணப்பம் வந்திருக்கிறது. அதில் முகாமின் அஞ்சல்பெட்டி எண் கேட்டிருக்கிறது. அந்த எண் இருப்பது அந்தத் துணியில் மட்டும். கணவர் நிரப்புவதாக இருந்தார், அதற்குள் போய்விட்டார். இன்று மகன் வந்து நிரப்புவான்.

"அதில் எழுத்து இருந்ததை நீங்கள் கவனித்தீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

தொலைபேசியை வைத்துவிட்டு மலரிடம் சொன்னேன். அது அந்த மனுசியின் தகப்பனுடைய முகவரி, கழுவியதில் போய்விட்டது என்று சொன்னேன். நான் அதை வாசித்துத் தெரிந்துகொண்டே எடுத்து வந்ததைச் சொல்லவில்லை. மலர் கதிரையில் இருந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழும்பிக் கோட்டைப் போட்டாள். தானே வந்து சொல்ல வேண்டுமாம்.

இந்த முறை ரஞ்சனின் கார். ஆனால் அவனுக்குப் பன்னிரண்டுக்கு வேலை, எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டான். செத்தவீட்டுக்குப் பலகாரம் கொண்டு போவதில்லை என்று மலர் வழியில் இறங்கி ஆறு ஆப்பிள் மட்டும் வாங்கினாள்.

முற்பகல் 11.15. ஏழாவது மாடி. மகன் இன்னும் வரவில்லை. மேசையில் விண்ணப்பம், அதன் மேல் ஒரு பேனை. மலர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வேரா மிகைலோவ்னாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு ரஷ்ய மொழி தெரியாது, இரண்டு பேருக்கும் ஆங்கிலம் கொஞ்சம்தான்.

"அன்ரி, அந்தத் துணியைக் கழுவினது நான்தான். தெரியாமல் செய்துபோட்டன். அண்ணையிலை ஒரு பிழையும் இல்லை." என் பக்கம் திரும்பினாள். "ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கோ, அண்ணை."

நான் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். 'இவரில் ஒரு பிழையும் இல்லை' என்பதையும்தான். என்னைப் பற்றி வேறொருத்தி தந்த நற்சாட்சியை நானே என் வாயால் ரஷ்ய மொழியில் சொன்னேன். இதைவிடக் கேவலமாக நான் எந்த மொழியிலும் பேசியதில்லை.

வேரா மிகைலோவ்னா துணியை வாங்கி விரித்தார். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். வெள்ளை வெளேர் என்றிருந்தது. தைத்த மூலையை விரலால் தேடிக் கண்டுபிடித்தார். மணந்து பார்த்தார்.

"இவளைக் கேளுங்கள். கழுவ முன்னால் அந்த எண்ணைக் கண்டாளா?"

கேட்டேன். தனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது, மைக்கறை என்றுதான் நினைத்தேன் என்று மலர் மறுபடி அழத் தொடங்கினாள். அதையும் மொழிபெயர்த்தேன். வேரா மிகைலோவ்னா தலையாட்டினார். மேசையைத் தடவி விண்ணப்பத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். அந்தக் கடதாசி கவிழ்ந்ததைப் பார்த்தபிறகு என்னால் முடியவில்லை.

"நான் வாசித்தேன்" என்றேன், ரஷ்ய மொழியில். "நேற்று நீங்கள் கட்டும்போதே வாசித்தேன். உங்கள் அப்பா பெயர் என்றும் விளங்கியது."

அவர் விண்ணப்பத்தை மறுபடி நிமிர்த்தி என் பக்கம் தள்ளினார்.

"அப்படியானால் எழுதுங்கள்."

எழுதினேன். பெயர், தந்தை பெயர், கோமிப் பகுதி, அருகிலிருந்த ரயில் நிலையம். எண் வந்தபோது கை நின்றது. மூன்று இலக்கம். கடைசி நான்கு. முதலாவது இரண்டு. நடுவில் இரண்டா, ஏழா? குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பஸ் கட்டணம் இருந்தது, பஸ் இலக்கம் இருந்தது, துணியின் நீள அகலம் இருந்தது. எண் இல்லை. துணியே கையில் இருக்கும்போது அதை ஏன் எழுதுவான் என்று விட்டிருந்தேன். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முகவரி பார்க்கிறவன் நான். பார்த்த கையோடு மறந்து பழகியவன். 274 ஆக இருக்கலாம், 224 ஆகவும் இருக்கலாம், இரண்டையும் எழுதவா என்று கேட்டேன்.

"வேண்டாம். பிழையான எண் போட்டால் வேறு யாருடையவோ சாவை எனக்கு அனுப்புவார்கள். வெறுமையாக விடுங்கள்."

வெறுமையாக விட்டேன். கையெழுத்திடும் இடத்தில் அவருடைய விரலைப் பிடித்து வைத்தேன், கையெழுத்துப் போட்டார். எண் இல்லாமல் தேடுவார்களா என்று கேட்க எனக்குத் துணிவில்லை; தேடமாட்டார்கள் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

பிறகு மலருக்குத் தேநீர் ஊற்றினார். அவளுடைய கன்னத்தைத் தடவி ஏதோ சொன்னார். 'நீ என்ன செய்வாய் பிள்ளை' என்று அதற்கு அர்த்தம். எனக்குத் தேநீர் ஊற்றவில்லை. புறப்படும்போது துணியை நாலாக மடித்து என் கையில் வைத்தார்.

"இது இப்போது ஒரு பழைய துணி, அவ்வளவுதான். நீங்கள் பழைய சாமான் சேர்க்கிறவர். வைத்திருங்கள்."

அறுபது டொலரைத் திருப்பித் தருவதற்காக மேசையில் எடுத்து வைத்திருந்தார். அதை நான் தொடவில்லை.

பிற்பகல் 1.10. 36ஆம் இலக்க பஸ். மலர் ஜன்னல் பக்கம் இருந்தாள். வடக்கு ரொறன்ரோவின் உயரக் கட்டடங்கள், இடையிடையே வெறுமையாகக் கிடந்த வெள்ளை நிலம். அவளுக்குப் பாரம் இறங்கியிருந்தது. அவளுடைய முகத்தில் நாலு மாதத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் தெளிவு தெரிந்தது.

"நல்ல மனுசி, அண்ணை. ஒரு சொல்லுக்கூட ஏசேல்லை. துணியையும் உங்களுக்கே தந்துவிட்டா. உங்களை நல்லாப் பிடிச்சுப்போட்டுது போல." கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் அவவுக்கு என்ன எழுதிக் குடுத்தனீங்கள்?" என்றாள்.

"விண்ணப்பம்" என்றேன்.

"அப்ப தகப்பன்ரை இடம் கண்டுபிடிச்சுக் குடுப்பினமோ?"

"ஓம்" என்றேன்.

பெப்ரவரி 14, புதன். ரொறன்ரோ விமான நிலையத்தில் மலரும் ரஞ்சனும் வழியனுப்பினார்கள். தமையனிடமிருந்து கடிதம் வந்தால் உடனே அறிவிப்பதாக மலர் சொன்னாள். முகவரி ஒன்று கிடைத்தால் போதும் அண்ணை, மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அந்தச் சொல் விமானம் ஒஸ்லோவில் இறங்கும்வரை எனக்குள் கிடந்து குத்தியது. முகவரி ஒன்று தொலைந்தால் ஒரு குடும்பத்துக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்த அளவு இந்த உலகத்தில் யாருக்குத் தெரியும்? ஆனாலும் அவளிடம் நான் வாய் திறக்கவில்லை.

ரொறன்ரோவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அதன் அகலமான வீதிகளையும் ஒஸ்லோவின் ஒடுக்கமான வீதிகளையும் ஒப்பிடுவார்கள். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு ஊரிலும் நான் ஒரே ஆள்தான். வேரா மிகைலோவ்னாவுக்கு மொஸ்கோவிலிருந்து பதில் வந்ததா என்று மூன்று தடவை கடிதம் எழுதிக் கேட்டேன். மகன் வீட்டு முகவரியை நான் கேட்டு எழுதி வைத்திருக்கவில்லை; மூன்றும் வீடு மாறிவிட்டார் என்று திரும்பி வந்தன.

நடந்ததை ரஷ்ய மொழியில் ஒருமுறை ஒப்புக்கொண்டேன். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்த மலருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அந்தத் துணியைக் கெடுத்தது தான்தான் என்று அவள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கட்டுரை அச்சானதும் முதல் பிரதியை வெக்ஸ்போர்ட்டுக்கு, மலரின் பெயருக்கு அனுப்புகிறேன்.